நேற்றைய அளவு

பகல் இரண்டு மணிக்குப் பெரியவர் பெட்டி அறையில் இருப்பார். மழை கொட்டினாலும் இருப்பார், வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் இருப்பார். ஆறு வருஷமாக இதுதான் வழக்கம். தெருவில் அவருக்கு மணிக்கூண்டு என்று பெயர். அவர் எழுந்து போவதைப் பார்த்துத்தான் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வதாக டீக்கடைக்காரர் எல்லோரிடமும் சொல்வார். பட்டம் வைக்கிறவனுக்கு வேறு சோலி இல்லை என்று பெரியவர் முகத்தைச் சுளிப்பார். ஆனால் உள்ளுக்குள் அந்தப் பட்டம் அவருக்குப் பிடித்திருந்தது.

பெட்டி என்பது குஞ்சு பொரிக்கிற பெட்டி. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம், மரப்பலகை அடித்தது. உள்ளே பன்னிரண்டு தட்டு. தட்டுகளை ஒரு சின்ன மோட்டார் மணிக்கொரு தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துவிடும். சூடு குறைந்தால் உள்ளே இருக்கிற கம்பி தானே எரியும். கூடினால் அணையும். அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம். குளிரவைக்க அதில் ஒன்றும் கிடையாது. வெயில் காலத்தில் தகரக் கூரையின் கீழ் அறையே அடுப்பாகிவிடும். முட்டைக்குள் வளர்ந்துவிட்ட குஞ்சுகளும் தங்கள் உடம்புச் சூட்டைச் சேர்த்துக் கொடுக்கும். அப்போது ஓர் ஆள் வந்து பெட்டியின் பக்கவாட்டு மூடிகளைத் திறந்து, ஜன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, முட்டைமேல் தண்ணீர் தெளிக்க வேண்டும். அந்த ஆள்தான் பெரியவர்.

தொழில் மகளுடையது. சுற்றுவட்டாரத்தில் கோழி, வாத்து வைத்திருப்பவர்கள் முட்டையைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். இவர்கள் பொரித்துக் குஞ்சாகத் திருப்பிக் கொடுப்பார்கள். காலையிலும் இருட்டுகிற நேரத்திலும் மகள் பெட்டியைப் பார்த்துவிடுவாள். நடுப்பகல் முழுக்க அவளும் மாப்பிள்ளையும் வேனில் முட்டை எடுக்கப் போய்விடுவார்கள். அந்த நடுப்பகல்தான் பெரியவருடையது.

அறைச் சுவரில் ஆணியடித்து ஒரு நோட்டு தொங்கும். இரண்டு மணிக்கு எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்று இரண்டு எண் எழுதுவார். மூன்றாம் வகுப்போடு நின்றவர். எண் சுத்தமாக விழும், எழுத்துதான் கொஞ்சம் இழுக்கும். முப்பது வருஷம் மாவு மில்லில் எடை எழுதியவர். யாராவது செத்துப்போய், அதற்குப் போக வேண்டிவந்து ஒருநாள் தவறினால், மறுநாள் வந்து மேல் வரியில் உள்ளதையே கீழேயும் எழுதிவைப்பார். மில்லில் அப்படித்தான். நோட்டில் ஓட்டை இருக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். மகளுக்கும் அதையே பழக்கியிருந்தார்.

வெயில் ஏறத் தொடங்கிய ஒரு நாளில் மகள் முட்டை அடுக்கிக்கொண்டே போனிடம் பேசினாள்.

"தினமும் பகல் ரெண்டு மணிக்கு அப்பாவுக்கு ஞாபகப்படுத்து. அவரு சொல்ற அளவ வாங்கி வச்சுக்கோ. சாயந்திரம் ஆறு மணிக்கு, முட்டை குடுத்தவங்களுக்கெல்லாம், உங்க முட்டை எத்தனாவது நாளு, சூடு என்ன, ஈரம் என்னன்னு எழுதி அனுப்பிடு. எனக்கும் ஒண்ணு அனுப்பு."

"யார்கிட்டம்மா இவ்வளவு அதிகாரம்?" என்றார் பெரியவர்.

"ஏஐப்பா. சாட்பாட்டு. ஒரு தடவ சொல்லிட்டா போதும், அந்தந்த நேரத்துக்கு அதுவே செஞ்சிடும். சாயந்திரமானா நாப்பது பேரு போன் பண்ணி என் முட்டை என்னாச்சு என் முட்டை என்னாச்சுன்னு உயிர வாங்குறாங்கல்ல, அந்தத் தொல்லை இல்ல."

"அதுக்குச் சோறு யாரு போடுறது?"

"அதுக்கு எதுக்குப்பா சோறு?"

"சோறு திங்காதவன எத வச்சு நம்புறது?"

பெரியவர் அப்படித்தான். வானிலைச் செய்தியை நம்ப மாட்டார், டாக்டரை நம்ப மாட்டார், கடையில் பொட்டலம் கட்டிக் கொடுத்ததை வீட்டுக்கு வந்து மறுபடி நிறுப்பார்.

போன் ஒரு கேள்வி கேட்டது. ஒருநாள் அளவு வராவிட்டால் என்ன செய்வது என்று. மகள் சுவரில் தொங்கிய நோட்டைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"முந்தின நாள் அளவப் போட்டுக்கோ. இங்க அப்படித்தான்."

பெரியவர் தலையசைத்தார். முறை தெரிந்து கேட்கிறதே என்று அந்த ஒரு நிமிஷம் அதன்மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்தது. அது என்னவோ நீளமாகப் பதில் எழுதியது. மகள் முதல் வரியை மட்டும் பார்த்து, சரி என்று தட்டிவிட்டு அடுத்த தட்டை எடுத்தாள்.

வாத்துக்காரம்மா வந்தது அந்த வாரத்தில்தான். ஏரிக்கரையில் இருநூறு வாத்து வைத்திருந்தவள். ஒரு பகலில், அவள் தீவனம் வாங்கப் போயிருந்த நேரத்தில், தெருநாய்கள் கூட்டமாகப் புகுந்து அத்தனையையும் கடித்துப் போட்டுவிட்டன. மிஞ்சியது அதற்கு முன் ஒரு வாரமாக எடுத்து வைத்திருந்த முட்டைதான். வைக்கோல் போட்ட கூடைகளில் இருநூற்று நாற்பது. ஒவ்வொரு கூடையையும் தூங்குகிற பிள்ளையை இறக்குவதுபோல் இறக்கினாள்.

"இதுங்கதாங்க மிச்சம்," என்றாள். "இதுலேருந்து வந்தாத்தான் மறுபடியும் எனக்கு வாத்து. இல்லன்னா ஏரிக்கரைய பாத்துக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்."

"பொரியறது முட்டை கையில," என்றார் பெரியவர். "நான் யாருக்கும் வாக்குக் குடுக்கறதில்ல."

"வாக்கு வேணாம். நீங்க பாத்துக்குவீங்கல்ல, அது போதும்."

ஏழாம் நாள் விளக்கில் வைத்துப் பார்த்ததில் இருநூற்றெட்டு தேறின. பதினாலாம் நாள் இருநூற்று மூன்று. வாத்து முட்டைக்கு இது நல்ல கணக்கு. மகள் சந்தோஷமாக இருந்தாள். பெரியவர் மட்டும் கடுகடுவென்று இருந்தார்.

காரணம் அந்த மணிச் சத்தம். அவர் இரண்டு மணிக்குச் சரியாக அறைக்குள் போவார். கண்ணாடியைத் துடைத்து, குனிந்து, அளவைப் பார்க்கும்போது சட்டைப்பையில் 'டிங்' என்னும். 'அளவு பார்க்கும் நேரம்.' தினமும். நோட்டுக்குப் பதில் அதனிடம்தான் இப்போது எண்ணைச் சொல்ல வேண்டியிருந்தது. பார்த்துக்கொண்டு இருக்கிறவனிடம் பார் என்று சொன்னால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? ஒருநாள் சீக்கிரமே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். வாசற்படியில் கால் வைத்ததும் டிங். வேண்டுமென்றே செய்கிறது என்று நினைத்தார்.

இருபதாம் நாள் சாயந்திரம் மகள் வேனைவிட்டு இறங்கியதும் பிடித்துக்கொண்டார்.

"அந்த டிங்க நிறுத்தும்மா."

"எந்த டிங்குப்பா?" அவள் தலையில் முட்டைத் தட்டு. முகமெல்லாம் வியர்வை.

"ரெண்டு மணி டிங்கு. ஆறு வருஷமா எவன் எனக்கு மணி அடிச்சான்?"

"இருந்துட்டுப் போகட்டும்ப்பா. உங்கள என்ன செய்யுது?"

"நிறுத்துன்னா நிறுத்து."

"நிறுத்திட்டு, நீங்க மறந்துட்டா?"

அவள் களைப்பில் சொன்னாள். சொன்னதை அடுத்த நிமிஷமே மறந்தும் போனாள். பெரியவருக்குச் சுருக்கென்றது. எழுபத்திரண்டு வயசில் மறதி என்கிற வார்த்தையை ஒருவர் சொல்லிக் கேட்பது, பிடரியில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி.

"நான் மறந்துடுவேன். சரி. அது மறக்காதுல்ல?"

"மறக்காதுப்பா. நீங்க அலட்டிக்காதீங்க, எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும்." தட்டோடு உள்ளே போய்விட்டாள்.

அதுவே பார்த்துக்கொள்ளும். நல்லது, பார்த்துக்கொள்ளட்டும்.

மறுநாள் பெரியவர் போனைப் பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டு மூடி, பீரோமேல் வைத்தார். இரண்டு மணிக்கு டப்பாவுக்குள்ளிருந்து கம்மலாக ஒரு டிங் கேட்டது. "கத்து," என்றார். மதியச் சோற்றைப் பச்சை வெங்காயத்தோடு மெதுவாகச் சாப்பிட்டார். டீக்கடைக்குப் போனார். கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்ன மணிக்கூண்டு, ரெண்டே காலாச்சு, இங்க நிக்கிறீங்க?"

"எனக்கு லீவு. புது ஆள் வந்திருக்கு."

சாயந்திரம் மகள் ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தார். கேட்டால் நாலு வார்த்தை நறுக்கென்று சொல்ல வைத்திருந்தார். அவள் கேட்கவில்லை. ஆறு மணிக்கு அவள் போனில் ரிப்போர்ட் வந்தது. மேலே பச்சை டிக்கைப் பார்த்தாள், பையில் போட்டாள். பெட்டியைத் திறந்து பார்த்தாள். அந்நேரம் சூடு தணிந்து, எப்போதும் உள்ள அளவில் இருந்தது. சரி, தான் இல்லாமலே வேலை நடக்கிறது என்று பெரியவருக்குப் புரிந்தது. அது இன்னும் வலித்தது. அதனால் மறுநாளும் போகவில்லை. அதற்கு மறுநாளும். நாலு நாள்.

பெட்டிக்குள் போனுக்குக் கண் கிடையாது என்பது அவருக்குத் தெரியாதா? பாதி தெரியும். மூன்றாம் நாள் தகரக் கூரை படபடவென்று வெடிக்கிற வெயிலில் கட்டிலில் புரண்டுகொண்டு, அது எப்படிப் பார்க்கிறது என்று மகளைக் கேட்டுவிடலாமா என்று யோசித்தார். கேட்டால் தெரியாதவன் என்றாகிவிடும். கேட்கவில்லை.

இருபத்தைந்தாம் நாள் காலையில் வாத்து முட்டைகளைப் பொரிக்கும் தட்டுக்கு மாற்ற வேண்டும். மாற்றும்போது ஒவ்வொன்றையும் விளக்கில் பார்ப்பார்கள். தகர டப்பாவுக்குள் பல்பு, டப்பாவில் முட்டை உட்காருகிற அளவுக்கு ஓர் ஓட்டை. அறையை இருட்டாக்கி, மூவரும் உட்கார்ந்தார்கள். உயிருள்ள முட்டையில் இந்தப் பருவத்தில் மேல்பக்கம் ஒரு நிழல் நெளியும். குஞ்சின் அலகு அது.

மகள் முதல் முட்டையை வைத்தாள். நெளியவில்லை. தள்ளி வைத்தாள். இரண்டாவது. மூன்றாவது. நாலாவதைக் காதில் வைத்துப் பார்த்தாள். முதல் தட்டில் நாற்பது முட்டை, நெளிந்தது மூன்று.

"தட்டு ஓரத்துல இருந்ததா இருக்கும்," என்றார் மாப்பிள்ளை. இரண்டாம் தட்டில் ஏழு.

மகள் விளக்கைவிட்டு நிமிர்ந்தாள். "அப்பா, நேத்து ரெண்டு மணிக்கு எவ்வளவு இருந்துச்சு?"

"தெரியாது."

"முப்பத்தேழு புள்ளி எட்டுன்னு வந்திருக்கே."

"நான் சொல்லல."

"அப்போ யாரு சொன்னா?"

"நீதான அதுவே பாத்துக்கும்னே."

"அய்யோ அப்பா! எழுதி அனுப்புறதச் சொன்னேன். பெட்டிக்குள்ள அதுக்குக் கண்ணா இருக்கு?" அவள் குரல் உடைந்தது. "எத்தனை நாளு?"

"நாலு."

இருட்டில் அவள் முகம் தெரியவில்லை. அடுத்த தட்டை இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. எல்லாம் பார்த்து முடிக்க மதியமாகிவிட்டது. இருநூற்று மூன்றில் அறுபத்து நாலு. மிச்சம் நூற்று முப்பத்தொன்பதும் வாளிகளில் இருந்தன. மற்றவர்களின் முட்டையை இனிமேல்தான் பார்க்க வேண்டும். அன்று இரண்டு மணிக்குப் பெரியவர் அளவு பார்த்தார். முப்பத்தொன்பது புள்ளி எட்டு, இருக்க வேண்டியதைவிட இரண்டு டிகிரி கூட. மூடிகளைத் திறந்து சாக்கை நனைத்துக் கட்டினார்.

மாப்பிள்ளை வாசலில் நின்று மெதுவாகப் பேச்சை எடுத்தார். "மாமா, கரண்ட்டு போச்சுன்னு சொல்லிடலாம். எல்லா இடத்துலயும்தான் போகுது. யாரு வந்து பாக்கப் போறா?"

"மோட்டார் எரிஞ்சு போச்சுன்னுகூடச் சொல்லலாம்," என்றாள் மகள், சுவரைப் பார்த்துக்கொண்டு. "ஆறு மணிக்கு ரிப்போர்ட் போயிடும். அதுக்குள்ள ஏதாவது சொல்லி வைக்கணும்."

பெரியவர் கையை நீட்டினார். "அந்த ரிப்போர்ட்டக் காட்டு."

"இப்போ எதுக்குப்பா?"

"காட்டு."

திண்டாடித் திண்டாடி, வரிக்குக் கீழே விரலை வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தார். ஒன்றை முடிக்கக் கால் மணி ஆனது. அவருக்கு மேலோட்டமாகப் பார்க்கத் தெரியாது. படித்தால் முதலிலிருந்து கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும். பச்சை டிக், நாள், சூடு, ஈரம் எல்லாம் தாண்டி அடியில் சின்ன எழுத்தில் ஒரு பத்தி இருந்தது. உரக்கப் படித்தார்.

"குறிப்பு. இன்று இரண்டு மணி அளவு எனக்கு வரவில்லை. நீங்கள் சொன்னபடி நேற்றைய அளவையே போட்டிருக்கிறேன். யாராவது பெட்டியை நேரில் பார்ப்பது நல்லது."

முந்தின நாளிலும் அதே பத்தி. அதற்கு முந்தின நாளிலும். நாலு நாளும்.

"நீ இதப் படிக்கலியா?"

மகள் போனை வாங்கிப் பார்த்தாள். "டிக்க மட்டும்தாம்ப்பா பாத்தேன். தினமும் வர்றதுதானேன்னு..."

அவளைத் திட்ட வாயெடுத்தார். வரவில்லை. மேல் வரியைக் கீழே எழுது என்று பழக்கியவர் அவர். மில்லில் அந்த முப்பது வருஷத்தில், அவர் நோட்டில் எத்தனை வரி அப்படி எழுதப்பட்டது என்று அடியில் ஒரு குறிப்பும் கிடையாது. சோறு திங்காத இந்தச் சங்கதி எழுதியிருக்கிறது.

சட்டையை மாட்டினார்.

"எங்கப்பா?"

"ஏரிக்கரைக்கு. ஆறு மணிக்கு முன்னால போயிடறேன். அறுபத்து நாலுன்னே போடச் சொல்லு. கரண்ட்டு, மோட்டாருன்னு ஒண்ணும் எழுத வேணாம்."

"நானும் வரேன்."

"வேணாம். நீ வந்தா உன்னத் திட்டுவாங்க. திட்டு வாங்க வேண்டியவன் நான்."

பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மைல் நடக்க வேண்டியிருந்தது. ஏரி பாதி வற்றி ஓரமெல்லாம் சேறு வெடித்துக் கிடந்தது. வாத்துக்காரம்மாவின் கொட்டகையைச் சுற்றிப் புதுசாகக் கம்பிவலை அடித்திருந்தாள், நாய் நுழையாதபடி அடியில் கல் புதைத்து. உள்ளே வாத்து இல்லை. தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். குஞ்சு வருவதற்கு எல்லாம் தயாராக இருந்தது.

பெரியவரைப் பார்த்ததும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க, வாங்க. உடம்பு தேவலாமா இப்போ?"

"எந்த உடம்பு?"

"இல்ல, எனக்கு எழுதப் படிக்க வராதுல்ல. ஆறு மணிக்கு உங்க வீட்டுலேருந்து வந்ததும், போன்ல அமுக்குனா அதுவே படிச்சுக் காட்டும். முழுசும் கேப்பேன். நாலு நாளா கடைசில, இன்னைக்கு யாரும் அளவு சொல்லலன்னு சொல்லிச்சு. உங்களுக்குத்தான் முடியாம போச்சுன்னு நெனச்சேன். வயசானவரு, வெயிலும் இப்படி அடிக்குது. அந்த நேரத்துல போன் பண்ணி என் முட்டை என்னாச்சுன்னு எப்படிங்க கேக்குறது? உங்க பொண்ணு என்ன நெனைக்கும்?" அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். "இளைச்சுத்தான் போயிருக்கீங்க. உக்காருங்க."

பெரியவர் உட்காரவில்லை. காய்ச்சல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லக்கூட வேண்டாம், பேசாமல் தலையை ஆட்டினால் போதும். அவளே எல்லாவற்றையும் கட்டிக் கையில் கொடுத்துவிட்டாள். யாரும் போய் விசாரிக்கப் போவதில்லை. எழுபத்திரண்டு வயசுக்காரனுக்குக் காய்ச்சல் வருவது அதிசயமா? தொண்டைவரை வந்தது அந்த வார்த்தை.

"நல்லாத்தான் இருந்தேன்," என்றார்.

"என்னது?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. நாலு நாளும் நல்லாத்தான் இருந்தேன். சாப்பிட்டேன், டீக்கடைக்குப் போனேன். பெட்டிய மட்டும் பாக்கல. கோவம்."

"கோவமா? யாரு மேல?"

"போன் மேல."

அவள் சிரிக்கப்போனாள். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்திருப்பாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு வாயிலேயே நின்றுபோயிற்று.

"எத்தனை?" என்றாள்.

"அறுபத்து நாலு இருக்கு."

"போச்சா? அறுபத்து நாலு போச்சா?"

"இருக்கறது அறுபத்து நாலு."

கவிழ்த்துப் போட்ட தொட்டியின் மேல் உட்கார்ந்தாள். ஏரியில் ஒரு நாரை சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தது. அது பறந்துபோகிற வரை அதையே பார்த்தாள்.

"முத நாளே ஒரு போன் போட்டிருக்கலாம் நான்," என்றாள்.

"அத நீங்க சொல்லாதீங்க."

"நான் என்ன சொல்லணும்னு நீங்க சொல்லாதீங்க!" எழுந்துவிட்டாள். கண் சிவந்திருந்தது. "நாய் கடிச்சுது, நாயி. அதுக்கு என்ன தெரியும்? உங்களுக்குத் தெரியும்ல? கூடைய இறக்கும்போது சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"வாக்கு வேணாம்னேன். பாத்துக்கிட்டா போதும்னேன்."

"ஆமா."

மன்னிப்பு என்று வாயால் கேட்டுப் பழக்கமில்லாத ஆள். நின்ற இடத்தில் நின்றார். அவள் தேங்காய் நாரை எடுத்துத் தொட்டியின் அடியை இன்னொரு தடவை தேய்த்தாள், அழுக்கு இல்லாத இடத்தையே. தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"அதுல பொட்டை எத்தனை இருக்கும்?"

"பாதின்னு வச்சுக்கலாம். முப்பது, முப்பத்திரண்டு."

"முப்பது." விரல்விட்டு எண்ணினாள். "அதுங்க வளந்து முட்டை விட ஆறு மாசம். மறுபடி பொரிச்சு... ரெண்டு வருஷம் ஆகும் பழையபடி ஆக."

"ஆகும்."

"பொரிய இன்னும் எத்தனை நாளு?"

"மூணு."

"நாளைக்குக் காலைல நான் அங்க வரேன். மூணு நாளும் பெட்டி பக்கத்துலயே உக்காந்துக்கிறேன். நீங்க உள்ள வர வேணாம்."

பெரியவர் வாயைத் திறந்தார். ஆறு வருஷம் அவர் நின்ற இடம் அது.

"சரி," என்றார்.

"எண்ணு பாக்கத் தெரியும் எனக்கு. தண்ணி எப்படித் தெளிக்கறது?"

"கைய நனைச்சு உதறணும். சொட்டு பெருசா விழக் கூடாது. ஓடு நனையணும், வழியக் கூடாது."

அவள் பக்கத்து வாளியில் கையை முக்கி, காய்ந்த தரையில் உதறினாள். புழுதியில் பெரிசு பெரிசாகப் பள்ளம் விழுந்தது.

"அது ஜாஸ்தி," என்றார்.

மறுபடி முக்கினாள். விரல்களை ஒரு தடவை காற்றில் உதறிவிட்டு, பிறகு தரையில் உதறினாள். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் கம்மியா."